தீவு அப்புறம் இருக்கட்டும், படகைக் கேளுங்கள்

தமிழ்நாட்டின் மக்களவை, மாநிலங்களவை உறுப்பினர்கள் 57 பேருக்கும்,

கச்சத்தீவை மீட்போம் என்ற பேச்சு மறுபடியும் கிளம்பிவிட்டது. 2024 மக்களவைத் தேர்தலுக்கு முன்னால் ஒரு சுற்று ஓடியது. 2025 ஏப்ரல் 2-ஆம் தேதி சட்டமன்றத்தில் தீர்மானம் வந்தபோது ஒரு சுற்று. அதே ஆண்டு செப்டம்பர் 1-ஆம் தேதி இலங்கைக் குடியரசுத் தலைவர் நேரில் போய்த் தீவில் இறங்கியதும் இன்னொரு சுற்று. கட்சி பேதம் இல்லாமல் எல்லோரும் பேசுகிறீர்கள். இலங்கையில் பிடிபட்டுக் கிடக்கும் நம் மீன்பிடிப் படகுகளின் பேச்சு மட்டும் இந்தத் தீவுப் பேச்சின் வாலாகவே வருகிறது. தீவு வந்துவிட்டால் படகும் தானாக வந்துவிடும் என்பதுபோல. வராது. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

நான் பாம்பன் தீவுக்காரி. எங்கள் விசைப்படகு என் பெயரில்தான் பதிவாகியிருந்தது. மீன்வளத்துறையில் அனுமதி டோக்கன் வாங்கிக் கடலுக்குப் போன படகு, எல்லை தாண்டியதாகச் சொல்லி இலங்கைக் கடற்படையால் பிடிக்கப்பட்டது. ஆட்கள் சில வாரங்களில் வந்து சேர்ந்தார்கள். படகு வரவில்லை. படகைக் கேட்க வேண்டுமானால் உரிமையாளரே அங்குள்ள நீதிமன்றத்தில் வந்து நிற்க வேண்டும் என்றார்கள். எனக்கு அதுவரை பாஸ்போர்ட் கிடையாது. எங்கள் வீட்டில் எவருக்குமே கிடையாது. கச்சத்தீவு அந்தோணியார் திருவிழாவுக்கு வருஷாவருஷம் போய்வந்த தாத்தாவுக்கு அது தேவைப்பட்டதும் இல்லை. பாஸ்போர்ட் எடுத்து, விசா எடுத்து, யாழ்ப்பாணத்துப் பலாலிக்கு விமானம் ஏறி, தெரியாத ஊரில் வக்கீல் பிடித்து நின்றால் வழக்கைத் தள்ளி வைத்துவிட்டார்கள். திரும்பி வந்து, மறுபடியும் பணம் புரட்டிப் போனேன். படகைப் பார்க்க அனுமதி கிடைத்தபோது இஞ்சினுக்குள் உப்புத் தண்ணீர் ஏறியிருந்தது. வலையும் ஜிபிஎஸ்ஸும் போன இடம் தெரியவில்லை. கடைசியில் படகு அரசுடைமை என்று தீர்ப்பானது. அந்தப் படகுக்கு வாங்கிய கடன் மட்டும் இங்கே வட்டியோடு என் பெயரில் இருக்கிறது.

அந்த மாதங்களில் உங்களில் ஒருவருடைய அலுவலகத்துக்கு எழுதினேன். யார் என்று சொல்லப்போவதில்லை. மனுவை மேலே அனுப்பியிருப்பதாகப் பதில் வந்தது. கூடவே கச்சத்தீவு மீட்புக் கூட்டம் ஒன்றின் அழைப்பிதழும் வந்தது.

வழக்குக்காக ஒப்பந்தங்களையும் தீர்ப்புகளையும் வக்கீலோடு உட்கார்ந்து வரி வரியாகப் படிக்க வேண்டியதாயிற்று. அப்போதுதான் ஒன்று புரிந்தது. நிலத்தை ஒரு நாடு எப்படிப் பெறுகிறது, எப்படி இழக்கிறது என்பதற்கு ஒரு சட்டம் இருக்கிறது. கடலில் ஓடும் கலத்தையும் அதிலுள்ள மனிதர்களையும் எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு வேறு சட்டம் இருக்கிறது. முதலாவதில் நமக்கு வழி கிட்டத்தட்ட அடைபட்டுவிட்டது. இரண்டாவதில் இன்னும் இடம் இருக்கிறது. நீங்கள் அடைபட்ட பக்கம் நின்றுகொண்டுதான் உரக்கப் பேசுகிறீர்கள்.

தீவு நம்முடையது என்று சொல்ல நம்மிடம் காகிதம் இருந்தது. இராமநாதபுரம் ஜமீன் அதைத் தன் கணக்கில் வைத்திருந்தது, குத்தகைக்கும் விட்டது. இப்படிப்பட்ட காகிதங்களுக்கு மதிப்பே இல்லை என்று சொல்ல முடியாது. ஆங்கிலக் கால்வாயில் உள்ள மின்கியர்ஸ், எக்ரஹோஸ் பாறைத் தீவுகள் யாருக்கு என்று பிரிட்டனும் பிரான்சும் வழக்காடியபோது, 1953-ல் சர்வதேச நீதிமன்றம் பார்த்ததும் இதைப் போன்ற விஷயங்களைத்தான். அங்கே கரை ஒதுங்கிய பிணத்துக்கு யார் விசாரணை நடத்தினார்கள், வீட்டு வரியை யார் வசூலித்தார்கள் என்றெல்லாம் பார்த்து பிரிட்டனுக்குத் தீர்ப்பளித்தது. 285 ஏக்கர், குடிதண்ணீர் கிடையாது, ஆள் குடியிருப்பு கிடையாது என்பதெல்லாம் நம் உரிமைக் கோரிக்கைக்குத் தடையாக இருந்திருக்காது. அந்த வழக்கை 1974-க்கு முன்னால் நடத்தியிருக்க வேண்டும். நடத்தவில்லை. அந்த ஆண்டு ஜூன் 26-ல் கொழும்பிலும் 28-ல் டெல்லியிலும் இந்திய, இலங்கைப் பிரதமர்கள் கையெழுத்திட்டார்கள். ஆதாம் பாலத்திலிருந்து பாக் நீரிணை வரை கோடு விழுந்தது. தீவு கோட்டுக்கு அந்தப் பக்கம் போனது.

கையெழுத்திட்டு அரை நூற்றாண்டு ஆன பிறகு எல்லை ஒப்பந்தத்தைக் கலைக்க முடியுமா? கம்போடியா எல்லையில் உள்ள பிரேயா விஹார் கோயில் வழக்கைப் பாருங்கள். 1900-களில் வரைந்த வரைபடம் ஒன்று கோயிலைக் கம்போடியா பக்கம் காட்டியது. அது தவறான வரைபடம் என்று தாய்லாந்து பல பத்தாண்டுகளாக ஆட்சேபிக்கவில்லை. 1962-ல் சர்வதேச நீதிமன்றம் அந்த மௌனத்தையே ஒப்புதலாக எடுத்துக்கொண்டு கோயிலைக் கம்போடியாவுக்குக் கொடுத்தது. தாய்லாந்து சும்மா இருந்ததற்கே அந்தக் கதி. இந்தியா சும்மாகூட இருக்கவில்லை. கையெழுத்திட்டு, நாடாளுமன்றத்தில் சமர்ப்பித்து, உச்ச நீதிமன்றத்திலும் அந்த ஒப்பந்தத்தின் பக்கமே நின்றிருக்கிறது. சூழ்நிலை மாறிவிட்டது என்று சொல்லி ஒப்பந்தத்திலிருந்து விலகலாம் என்று ஒரு விதி உண்டு. 1969 வியன்னா உடன்படிக்கை அந்த விதியை எழுதிய இடத்திலேயே எல்லை ஒப்பந்தங்களுக்கு விலக்குக் கொடுத்துவிட்டது. இந்தியா அந்த உடன்படிக்கையில் சேரவில்லை என்றாலும், எல்லைகள் நிலையாக இருக்க வேண்டும் என்பது, கையெழுத்திடாத நாட்டையும் கட்டுப்படுத்தும் வழக்காற்றுச் சட்டமாகவே ஆகிவிட்டது.

சர்வதேச நீதிமன்றத்துக்குப் போவோம் என்று மேடையில் சொல்கிறீர்கள். அந்த நீதிமன்றத்தின் அதிகாரத்தை ஏற்று இந்தியா 1974 செப்டம்பரில் கொடுத்த அறிவிப்பை ஒரு தடவை படியுங்கள். காமன்வெல்த் நாடுகளோடு உள்ள வழக்குகளுக்கு இது பொருந்தாது என்று அதில் எழுதியிருக்கிறது. 2019-ல் புதுப்பித்தபோதும் அந்த வரி அப்படியே இருக்கிறது. இலங்கை காமன்வெல்த் நாடு. பாகிஸ்தான் விமானம் சுடப்பட்ட வழக்கில் இதே வரியைக் காட்டித்தான் 2000-ஆம் ஆண்டில் இந்தியா தப்பித்தது. நாமே பூட்டிய கதவு அது.

மேற்கு வங்கத்தின் பெருபாரிப் பகுதியைப் பாகிஸ்தானோடு பிரித்துக்கொள்வது பற்றிய பெருபாரி வழக்கை எடுத்துக்காட்டுபவர்களும் உங்களில் உண்டு. நாட்டின் நிலத்தைக் கொடுக்க அரசியல் சட்டத் திருத்தம் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1960-ல் கருத்துச் சொன்னது உண்மைதான். நல்ல வாதம். மத்திய அரசின் பதில், இது நிலத்தைக் கொடுத்தது ஆகாது, தகராறில் இருந்த எல்லையை வரைந்தது என்பது. அந்தப் பதில் எனக்கு ஏற்புடையதல்ல. ஆனாலும் நாளைக்கே உச்ச நீதிமன்றம் நமக்குச் சாதகமாகத் தீர்ப்புச் சொன்னாலும் அது டெல்லியைத்தான் கட்டுப்படுத்தும். உள்நாட்டில் முறை தவறிவிட்டோம் என்று காட்டி வெளிநாட்டோடு செய்த எல்லையை மாற்றுவது லேசில் நடக்காது. தீவை மீட்கப் போருக்குத்தான் போக வேண்டும் என்று 2014-ல் அன்றைய அட்டர்னி ஜெனரல் நீதிமன்றத்திலேயே சொன்னார். அதிலும் பாதிதான் சரி. 1945-ல் ஐ.நா. சாசனம் வந்த பிறகு படையெடுத்துப் பிடித்த நிலம் சட்டப்படி யாருக்கும் சொந்தமாகாது. மிச்சமிருக்கும் ஒரே வழி இலங்கை தானாகச் சம்மதிப்பது. சம்மதிக்க வைக்க உங்களிடம் என்ன திட்டம் இருக்கிறது? இருந்தால் எழுத்தில் கொடுங்கள்.

சரி, தீவு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். எங்கள் ஆட்கள் பெரும்பாலும் பிடிபடுவது நெடுந்தீவுப் பக்கமும் தலைமன்னார் பக்கமும். அதெல்லாம் இலங்கைக் கரையை ஒட்டியவை, கச்சத்தீவிலிருந்து விலகியவை. தீவு கைமாறினால் கோடு கொஞ்சம் நகரும், அவ்வளவுதான். இறாலும் கணவாயும் தேடிப் போகிற இடம் அப்போதும் அந்தப் பக்கம்தான் இருக்கும்.

எங்களை உண்மையில் கட்டிப்போட்டது 1974 இல்லை, 1976. முதல் ஒப்பந்தத்தின் 5-ஆவது பிரிவு, இந்திய மீனவர்களும் பக்தர்களும் முன்புபோலவே, பயண ஆவணம் இல்லாமல் தீவுக்கு வந்துபோகலாம் என்றது. 6-ஆவது பிரிவு, இரு நாட்டுக் கலங்களும் ஒன்றின் கடலில் மற்றொன்று மரபாக அனுபவித்த உரிமைகளைத் தொடர்ந்து அனுபவிக்கும் என்றது. மீன்பிடிப்பும் அதில் அடக்கம் என்று நம்ப இடம் இருந்தது. 1976 மார்ச் 23-ல் இரண்டு வெளியுறவுச் செயலர்கள் கடிதம் பரிமாறிக்கொண்டார்கள். ஒரு நாட்டுப் படகு மற்ற நாட்டின் கடலில் அனுமதி இல்லாமல் மீன் பிடிக்கக் கூடாது என்பதோடு அந்த நம்பிக்கை முடிந்தது. அப்போது நெருக்கடி நிலை. தமிழ்நாட்டு அரசை ஜனவரி கடைசியிலேயே கலைத்துவிட்டிருந்தார்கள். எங்களைக் கேட்க ஆளே இல்லாத நேரத்தில் எங்கள் கடல் போனது. உங்கள் பேச்சுகளில் 1974 வருகிற அளவுக்கு 1976 வருவதில்லை. ஒரு தீவைப் போல அதைப் படம் போட்டுச் சுவரொட்டி ஒட்ட முடியாது என்பதாலோ என்னவோ.

இப்போது படகுச் சட்டத்துக்கு வருகிறேன். கடலில் போகும் கலத்துக்கு நாடு உண்டு. அது எந்தக் கொடியின் கீழ் ஓடுகிறதோ அந்த நாடு அதற்காகப் பேச வேண்டும். 2012-ல் கேரளக் கடலில் என்ரிகா லெக்ஸி என்ற இத்தாலிய எண்ணெய்க் கப்பலில் காவலுக்கு இருந்த இத்தாலியக் கடற்படை வீரர்கள் ஒரு மீன்பிடிப் படகின் மேல் சுட்டு இரண்டு பேர் இறந்தார்கள். ஒருவர் குமரி மாவட்டத்துக்காரர். இந்தியா அந்த வழக்கைச் சர்வதேச நடுவர் மன்றம் வரைக்கும் நடத்தியது. 2020-ல் வந்த தீர்ப்பில், வீரர்களை இங்கே விசாரிக்கும் உரிமை இந்தியாவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்தச் சின்னப் படகுக்குக் கடலில் தடையின்றிப் போகும் சுதந்திரம் இருந்தது, இத்தாலி அதை மீறியது, இழப்பீடு தர வேண்டும் என்று மன்றம் சொன்னது. மொத்தம் 10 கோடி ரூபாய் வந்தது. அதில் 2 கோடி படகு உரிமையாளருக்கு. மீன்பிடிப் படகும் சட்டத்தின் கண்ணில் ஒரு கப்பல்தான் என்று இந்தியாவே வாதாடி வென்றிருக்கிறது.

1982 கடல் சட்ட உடன்படிக்கையில் இரண்டு நாடுகளும் உறுப்பினர்கள். அதன் 73-ஆவது பிரிவு, பொருளாதார மண்டலத்தில், அதாவது பிராந்தியக் கடலுக்கு அப்பால் மீன்வளம் கரை நாட்டுக்கு உரிய கடலில், மீன்பிடி விதியை மீறிய வெளிநாட்டுப் படகைப் பிடிக்கலாம், ஆனால் நியாயமான பிணைத்தொகை கட்டினால் படகையும் ஆட்களையும் தாமதம் இல்லாமல் விட வேண்டும் என்கிறது. வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால் சிறைத் தண்டனை கூடாது என்றும் சொல்கிறது. விடாவிட்டால் கொடி நாடு ஹாம்பர்க்கில் உள்ள கடல் சட்டத் தீர்ப்பாயத்துக்குப் போகலாம். 2007 ஜூன் 1-ஆம் தேதி ஹோஷின்மாரு என்ற ஜப்பானியப் படகை ரஷ்யா பிடித்தது. ஜப்பான் ஜூலை 6-ல் வழக்குப் போட்டது. ஆகஸ்ட் 6-ல் தீர்ப்பு. 1 கோடி ரூபிள் பிணையில் படகை விடச் சொன்னார்கள். அதே நாளில் டோமிமாரு என்ற இன்னொரு படகின் வழக்கில் ஜப்பான் தோற்றது. காரணம், படகை அதற்குள் ரஷ்ய நீதிமன்றங்கள் பறிமுதல் செய்து முடித்திருந்தன. கொடி நாடு காலத்தில் செயல்பட வேண்டும் என்று தீர்ப்பாயம் அதில் சொன்னது. இந்த இரண்டு தீர்ப்புகளையும் அடுத்தடுத்துப் படித்தபோது, அரசுடைமையான என் படகைத்தான் நினைத்துக்கொண்டேன்.

உங்கள் அதிகாரிகள் உடனே ஒரு மறுப்புச் சொல்வார்கள்: பாக் நீரிணை வரலாற்றுக் கடல் (நெடுங்காலமாக இரு நாடுகளும் தங்கள் சொந்தக் கடலாகவே வைத்திருப்பது), பொருளாதார மண்டலம் இல்லை, அதனால் 73-ஆவது பிரிவு அங்கே செல்லாது. சரியான மறுப்பு. பொருளாதார மண்டலத்தில் பிடிபடும் படகுகளுக்கு அது செல்லும். பாக் நீரிணைக்கு, அதே விதியை இரு நாடுகளும் பேசி ஒரு துணை ஒப்பந்தமாக எழுதிக்கொள்ளலாம். தீவைக் கேட்டால் அங்குள்ள எந்த அரசும் கவிழ்ந்துவிடுவோம் என்று பயந்து மறுக்கும். பிணை முறையைக் கேட்டால் பேசாமல் இருக்க அவர்களுக்குக் காரணம் இல்லை. ஏனென்றால் அது அவர்களுடைய மீனவர்களையும் காப்பாற்றும். 1981-ஆம் ஆண்டின் நம் சட்டம், நம் பிராந்தியக் கடலில் மீன் பிடிக்கும் அந்நியருக்கு மூன்று ஆண்டுவரை சிறை வைத்திருக்கிறது, படகைப் பறிமுதல் செய்யவும் அதில் இடம் இருக்கிறது. இலங்கையின் ஆழ்கடல் படகுக்காரர்களும் இங்கே வந்து சிக்குகிறார்கள். அவர்கள் வீட்டுப் பெண்களும் ஏதோ ஓர் அலுவலக வாசலில் காத்திருக்கத்தான் செய்வார்கள்.

படகைப் பிடிக்கும்போது உயிர் போவது தனிக் கணக்கு. 2021 ஜனவரியில் நெடுந்தீவு அருகே இலங்கைக் கடற்படைக் கலத்தோடு மோதிய சம்பவத்தில் நம் மீனவர்கள் நாலு பேர் இறந்தார்கள். 2024 ஆகஸ்ட் 1-ல் இன்னொருவர். அதற்குச் சில வாரங்கள் முன்னால், ஜூனில், படகைப் பிடிக்கப் போன இலங்கைக் கடற்படை வீரர் ஒருவரும் இறந்தார். சாய்கா என்ற எண்ணெய்க் கப்பலைக் கினி நாடு சுட்டுப் பிடித்த வழக்கில், 1999-ல் அதே ஹாம்பர்க் தீர்ப்பாயம் தெளிவாகச் சொல்லிவிட்டது: கப்பலைப் பிடிக்கும்போது முடிந்தவரை பலத்தைத் தவிர்க்க வேண்டும், தவிர்க்க முடியாத இடத்திலும் தேவைக்கு மேல் போகக் கூடாது, மனிதாபிமானம் கடலிலும் செல்லும். கினி 21 லட்சம் டாலருக்கு மேல் இழப்பீடு தர வேண்டியதாயிற்று. பாக் நீரிணைச் சாவுகளில் எதையாவது இந்த அளவுகோலை வைத்து இரு நாடுகளும் சேர்ந்து விசாரிக்கச் சொல்லி நீங்கள் கேட்டதுண்டா?

ஒன்றை மறைத்துப் பேசினால் இந்தக் கடிதத்துக்கு மரியாதை இருக்காது. கடலடியை வாரிக்கொண்டு போகும் எங்கள் பக்கத்து இழுவைமடிப் படகுகள் எல்லை தாண்டுகின்றன. இரண்டு படகுகள் சேர்ந்து ஒரே மடியை இழுக்கும், சட்டம் தடை செய்த இரட்டைமடியும் ஓடுகிறது. 2009-ல் போர் முடிந்து கடலுக்குத் திரும்பிய இலங்கையின் வடக்கு மீனவர்களின் வலைகளை நம் படகுகள் அறுத்துக்கொண்டு போகின்றன. அவர்களும் நம்மைப் போலத் தமிழில்தான் திட்டுகிறார்கள். நீதிமன்ற வாசலில் ஓர் அம்மா என்னிடம் நேராகவே கேட்டார்: “உங்கட படகு போனது கவலைதான் பிள்ளை, எங்கட வலைக்கு ஆர் காசு தருவினம்?” என்னால் பதில் சொல்ல முடியவில்லை. இலங்கை 2017-ல் தன் கடலில் இழுவைமடியைத் தடை செய்துவிட்டது. அதே ஆண்டு இங்கே இராமேசுவரத்தில் ஆழ்கடல் படகுத் திட்டத்தைத் தொடங்கி 2,000 படகுகள் என்று அறிவித்தார்கள். ஒரு படகு 80 லட்சம், அதில் மானியம் போகப் பங்குத்தொகையும் கடனும் எங்கள் தலையில். இலக்கின் கிட்டேகூட அது வரவில்லை. போய்விட்டுச் சீக்கிரமே கரை திரும்பிப் பழகியவர்களை நாள்கணக்கில் நடுக்கடலில் தங்கி மீன்பிடிக்கச் சொன்னால் பயிற்சி வேண்டும், அந்தப் படகு நிற்க ஆழமான துறைமுகம் வேண்டும். அதைப் பற்றிக் கேள்வி கேட்டவர்கள் எத்தனை பேர்?

இனி நான் கேட்பது.

அடுத்த கூட்டத்தொடரில் கச்சத்தீவு என்று எழுந்தால், எந்தச் சட்ட வழியில், எந்த மன்றத்தில் என்று அதே பேச்சில் சொல்லுங்கள். சொல்ல முடியாவிட்டால் அந்த நேரத்தைப் படகுகளுக்குக் கொடுங்கள். இலங்கைக் காவலில் உள்ள ஒவ்வொரு தமிழ்நாட்டுப் படகின் பதிவு எண், அது நிற்கும் இடம், வழக்கின் நிலை, படகின் நிலைமை ஆகியவற்றை மாதாமாதம் வெளியிடும்படி வெளியுறவு அமைச்சகத்திடம் கேளுங்கள். 2022 பிப்ரவரியில் நூற்றுக்கும் மேற்பட்ட படகுகளை அங்கே ஏலம் விட்டபோது பல உரிமையாளர்கள் அதைச் செய்தியில்தான் தெரிந்துகொண்டார்கள்.

இரு நாட்டு மீன்வளக் கூட்டுப் பணிக்குழு 2016-லேயே அமைந்தது. பிணைத்தொகை ஒப்பந்தம் அதன் நிகழ்ச்சி நிரலில் முதலாவதாக இருக்க வேண்டும்: பிணை கட்டினால் குறிப்பிட்ட நாளுக்குள் படகு விடுதலை, மீன்பிடி மீறலுக்குச் சிறை இல்லை, உரிமையாளரைக் கேட்காமல் அரசுடைமை இல்லை. உரிமையாளர் நேரில் வர வேண்டும் என்ற கட்டாயத்தை நீக்கி, யாழ்ப்பாணத்து இந்தியத் துணைத் தூதரகத்தின் வழியாகவோ அதிகாரப் பத்திரம் பெற்றவர் வழியாகவோ ஆஜராகலாம் என்று மாற்றச் சொல்லுங்கள். அவர்கள் மீனவர்களுக்கும் அதையே கொடுக்கும்படி 1981 சட்டத்தைத் திருத்த ஒரு தனிநபர் மசோதாவை உங்களில் யாராவது ஒருவர் கொண்டுவர வேண்டும். பொருளாதார மண்டலத்தில் பிடிபடும் அடுத்த படகுக்கு, பறிமுதல் முடிவதற்குள் 73-ஆவது பிரிவை இந்தியா பயன்படுத்தியே தீர வேண்டும்.

மோதல் சாவுகளைக் கூட்டாக விசாரிக்கும் ஏற்பாட்டைக் கேளுங்கள். இறந்த இலங்கை வீரரின் வழக்கும் அதில் சேரட்டும். இழுவைமடிப் படகுகளை நியாயமான விலைக்கு அரசே வாங்கிக்கொண்டு உடைக்கும் திட்டத்துக்கு நிதி கேளுங்கள். உரிமையாளருக்கு மட்டும் பணம் கொடுத்தால் போதாது, படகில் கூலிக்குப் போகிறவருக்கும் பங்கு எழுத வேண்டும்.

கடைசியாக, வடக்கு மீனவர் சங்கங்களையும் எங்களையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் பேச்சை மறுபடி தொடங்க வையுங்கள். அதற்கு உங்களில் இரண்டு பேராவது யாழ்ப்பாணம் போய் வலை அறுந்தவர்களைப் பார்த்துவிட்டு வர வேண்டும். சென்னையிலிருந்து பலாலிக்கு விமானம் இருக்கிறது. பாஸ்போர்ட் உங்களிடம் ஏற்கெனவே இருக்கும்.

இப்படிக்கு,
அரசுடைமையான ஒரு விசைப்படகின் பதிவு உரிமையாளர்,
பாம்பன் தீவு